மார்பகத்தின் முன்னோடிக் கலங்களும் எங்கள் குடும்பக் கதைகளும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு விழாவையொட்டி நல்லூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நூற்றாண்டு விழாவில் பேசும்படி சங்கம் கேட்டபோது, இந்த மண்டபத்தில் இருக்கும் எல்லோருக்கும் பொதுவான ஒரு விடயத்தை எடுக்கவேண்டும் என்று எண்ணினோம். நாம் படித்த வருடம் வேறு, இல்லம் வேறு, இன்று வாழும் நாடு வேறு. உடம்பு மட்டும் பொது. இலங்கையில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்று மார்பகப் புற்றுநோய். கனடாவுக்குப் போனாலும், இங்கிலாந்துக்குப் போனாலும், அவுஸ்திரேலியாவுக்குப் போனாலும் பெண்களிடையே அது முன்வரிசையில்தான் நிற்கிறது. ஆகவே அதைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் நோயில்லாத மார்பகத்திலிருந்து தொடங்குகிறோம். கடந்த இருபது ஆண்டுகளில் மிகப் பெரிய புதுமைகள் அங்கேதான் வெளிப்பட்டிருக்கின்றன.

சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன், 1926இல், இங்கிலாந்தில் ஜனெற் லேன்-கிளேப்பன் என்ற பெண் வைத்தியர் ஓர் அறிக்கை வெளியிட்டார். மார்பகப் புற்றுநோய் கண்ட 500 பெண்களையும், அந்த நோய் இல்லாத 500 பெண்களையும் தெரிந்தெடுத்து, இரு பகுதியாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டார். எத்தனை வயதில் திருமணம்? எத்தனை பிள்ளைகள்? பால் கொடுத்தீர்களா? நோய் கண்டவர்களிடையே பிந்தித் திருமணம் செய்தவர்களும், பிள்ளைகள் குறைந்தவர்களும், பால் கொடுத்தது குறைந்தவர்களும் கூடுதலாக இருந்தார்கள். ஏன் அப்படி என்று அவரால் சொல்ல முடியவில்லை. கலத்துக்குள் நடப்பதைப் பார்க்கும் வழி அந்நாளில் இல்லை. எமது சங்கத்துக்கு நூறு வயதாகும் இந்த வேளையில் அந்த 'ஏன்' என்ற கேள்விக்குப் பாதி விடையாவது கிடைத்திருக்கிறது. அந்த விடை எங்கள் குடும்பங்களிடமும் ஒரு கேள்வி கேட்கிறது. அதைத்தான் இன்று சொல்ல வந்தோம்.

இதையெல்லாம் தமிழில் பேசமுடியுமா என்று ஓரிருவர் கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அந்தக் கேள்விக்கு 19ஆம் நூற்றாண்டிலேயே பதில் கிடைத்துவிட்டது. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் எங்கள் பையன்களுக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். பிரசவ வைத்தியம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம் என்று பெரிய நூல்களைத் தமிழில் அச்சேற்றினார். அன்று முடிந்தது இன்று முடியாமல் போகாது. 'கலம்' என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே, அதே சொல்லை இங்கும் வைத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுப் புத்தகங்கள் அதனைச் செல் என்றும் உயிரணு என்றும் சொல்லும். நாம் பரம்பரையலகு என்று படித்தது அங்கே மரபணு.

முதலில் மார்பகத்தின் அமைப்பு. எங்கள் ஊர் முந்திரிகைப் பந்தலை நினைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குத் திராட்சை என்றால் விளங்கும். முலைக்காம்பிலிருந்து உள்ளே போகும் பாற்கான்கள் கொடிபோலக் கிளைவிட்டுப் போகின்றன. ஒவ்வொரு கிளையின் நுனியிலும் ஒரு சிறு குலை. பால் சுரப்பது அந்தக் குலையில். புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவதும் அந்தக் குலையும் அதன் காம்பும் சேரும் இடத்தில்தான். பாற்கானின் சுவரில் இரண்டு படைகள் உண்டு. வெளிப்படையில் இருப்பவை சுருங்கும் கலங்கள். பிள்ளை வாய் வைத்ததும் சுருங்கிப் பாலை வெளியே தள்ளுபவை அவை. உட்படையில் இரண்டு வகை. ஒன்று, ஈஸ்திரஜன், புரோஜெஸ்தரோன் என்னும் ஓமோன்களின் சேதியை வாங்கி மற்றக் கலங்களுக்குச் சொல்லும் கலம். மற்றது, பால் சுரக்கும் பரம்பரையில் வந்த கலம். எமது கதாநாயகி இந்த இரண்டாவது பக்கத்தில்தான் இருக்கிறாள்.

முந்திரிகைக் கொடியைக் கவ்வாத்துப் பண்ணினால் கணுக்களில் இருந்து புதுத் தளிர் வரும். மார்பகமும் அப்படித்தான். மாதாமாதம் சிறிது வளர்ந்து சுருங்கும். கர்ப்பத்தில் பெரிதாகக் கிளைவிடும். பால் மறந்தபின் மீண்டும் சுருங்கும். இவ்வளவு தடவை வளர்ந்து சுருங்கும் உறுப்பு உடம்பில் வேறு அதிகம் இல்லை. அதற்குப் புதுக் கலங்களைப் பெற்றுத்தரும் ஒரு கூட்டம் வேண்டும். எல்லா வகையையும் பெற்றுத்தர வல்லதை மூலக்கலம் என்கிறோம். அதற்கு அடுத்த படியில், எந்த வழியில் போவது என்று ஏறத்தாழத் தீர்மானித்துவிட்டு, ஆனால் இன்னும் பெருகும் வல்லமையோடு இருப்பதை முன்னோடிக் கலம் என்கிறோம். சாதாரண தரம் முடித்து, உயர்தரத்துக்கு உயிரியலா கலையா என்று தெரிந்தெடுத்துவிட்ட மாணவியைப் போல. பாதை தெரிந்துவிட்டது, வேலை இன்னும் தொடங்கவில்லை.

ஒரு கலம் மூலக்கலமா, முன்னோடியா, முதிர்ந்ததா என்று எப்படித் தெரியும்? நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பல ஒரே மாதிரித்தான் இருக்கும். இங்கேதான் பரம்பரையலகு வெளிப்பாடு என்ற விடயம் வருகிறது. எமது கல்லூரி நூலகத்தை நினையுங்கள். ஏறத்தாழ 20,000 புத்தகங்கள் உள்ள ஒரு நூலகம் என்று வைத்துக்கொள்வோம். மனிதக் கலத்தில் புரதம் ஆக்கும் பரம்பரையலகுகளின் தொகையும் ஏறத்தாழ அவ்வளவுதான். கண்ணின் கலத்திலும் ஈரலின் கலத்திலும் மார்பகத்தின் கலத்திலும் அதே நூலகம் இருக்கிறது. ஆனால் எல்லாப் புத்தகத்தையும் எல்லோரும் எடுப்பதில்லை. ஆறாம் வகுப்பு எடுக்கும் புத்தகம் வேறு, உயர்தர வகுப்பு எடுக்கும் புத்தகம் வேறு. நூலகத்தின் இரவல் பதிவேட்டை ஒருவர் எங்களிடம் தந்தால், மாணவியின் முகத்தைப் பார்க்காமலே அவள் எந்த வகுப்பு என்று சொல்லிவிடலாம். கலத்துக்குள் அந்த இரவல் பதிவேடுதான் ஆர்.என்.ஏ. எந்தப் பரம்பரையலகு எவ்வளவு வாசிக்கப்படுகிறது என்பதை ஆர்.என்.ஏயை எண்ணித் தெரிந்துகொள்கிறோம். பரம்பரையலகு வெளிப்பாடு என்பது இதுதான்.

பதிவேட்டை வாசிக்க முதலில் மாணவிகளை வகுப்புவாரியாகப் பிரிக்கவேண்டுமல்லவா? ஆய்வாளர்கள் சத்திரசிகிச்சையில் அகற்றப்பட்ட மார்பக இழையத்தை எடுத்து, கலங்களைத் தனித்தனியாகப் பிரித்து, கலத்தின் மேற்பரப்பில் உள்ள புரதங்களில் ஒட்டும் பிறபொருளெதிரிகளை ஒளிரும் சாயத்தோடு சேர்ப்பார்கள். பிறகு லேசர் ஒளிக்கு முன்னால் ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பிரித்தெடுப்பார்கள். சீருடையின் பட்டியில் உள்ள நிறத்தைப் பார்த்து இல்லம் பிரிப்பது போன்ற வேலை.

2006இல் அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ணிலும் கனடாவின் வன்கூவரிலும் வேலை செய்த இரண்டு குழுக்கள், எலியின் மார்பகத்தில் ஒரேயொரு மூலக்கலத்தில் இருந்து முழுப் பாற்சுரப்பியும் வளரும் என்று காட்டின. 2008இல் வன்கூவரில் கொனி ஈவ்ஸ் அம்மையாரின் குழு, மனித மார்பகத்தின் முன்னோடிக் கலங்களையும் முதிர்ந்த கலங்களையும் பிரித்து அவற்றின் வாசிப்புப் பதிவேட்டை ஒப்பிட்டு வெளியிட்டது. உட்படைப் பாதையைத் தெரிந்தெடுக்க நொச்-3 என்ற பரம்பரையலகு தேவை என்று அந்த ஆய்வு சொன்னது. இவையெல்லாம் நோயில்லாத இழையத்தைப் பற்றிய படிப்பு. இதனால் நோயாளிக்கு என்ன பயன் என்று அப்போது பலர் கேட்டிருக்கக்கூடும்.

பயன் அடுத்த வருடமே தெரிந்தது. பீ.ஆர்.சீ.ஏ.1 என்ற பரம்பரையலகைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1990இல் மேரி-கிளேயர் கிங் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, அது 17ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கவேண்டும் என்று காட்டினார். 1994இல் அது கையில் கிடைத்தது. டி.என்.ஏயில் வரும் முறிவைத் திருத்துவது அதன் வேலை. பழுதான பிரதி ஒன்றுடன் பிறந்த பெண்களுக்கு இளவயதிலேயே மார்பகப் புற்றுநோய் வரும் ஆபத்து மிக அதிகம். 2013இல் அஞ்சலினா ஜோலி என்ற நடிகை, நோய் வருமுன்பே இரண்டு மார்புகளையும் அகற்றிக்கொண்டதைப் பத்திரிகையில் எழுதினாரே, அவருக்கு இருந்ததும் இதுதான். இவர்களுக்கு வரும் கட்டிகளில் பெரும்பாலானவை ஓமோன் மருந்துக்குக் கட்டுப்படாத வகை. அவற்றின் தோற்றம் வெளிப்படைக் கலத்தைப் போல இருந்தபடியால், நோய் வெளிப்படையில் உள்ள மூலக்கலத்தில்தான் தொடங்குகிறது என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

மெல்பேர்ணில் ஜேன் விஸ்வேடர், ஜெஃப்ரி லின்டமன் ஆகியோரின் குழு, பழுதான பீ.ஆர்.சீ.ஏ.1 உள்ள பெண்கள் நோய் வருமுன் அகற்றிக்கொண்ட மார்பக இழையத்தை ஆராய்ந்தது. 2009இல் முடிவு வந்தது. உட்படையின் முன்னோடிக் கலங்கள் அவர்களிடம் அளவுக்கு மீறிப் பெருகியிருந்தன. வளர்ப்புக் கிண்ணத்தில் அவை முறைதவறி வளர்ந்தன. கட்டியின் இரவல் பதிவேட்டை வைத்து ஒப்பிட்டபோது, அது மூலக்கலத்தின் பதிவேட்டைவிட முன்னோடிக் கலத்தின் பதிவேட்டோடுதான் நெருங்கிப் பொருந்தியது. முகத்தைப் பார்த்து ஏமாந்த இடத்தில் பதிவேடு உண்மையைச் சொல்லிவிட்டது.

ஏன் இந்தக் கலம் இவ்வளவு பலவீனமானது? 2013இல் வன்கூவர்க் குழுவில் இருந்து நாகராஜன் கண்ணன் முதல் ஆசிரியராக வெளியிட்ட ஆய்வு ஒரு காரணம் சொன்னது. சேலைத் தலைப்பின் நூல் பிரியாமல் இருக்கக் குஞ்சம் முடிந்துவிடுவோம் அல்லவா? நிறமூர்த்தத்தின் நுனியிலும் அப்படியொரு காப்பு உண்டு. கலம் பிரியப் பிரிய அது குறுகும். நோயில்லாத பெண்களின் மார்பகத்திலேயே, உட்படை முன்னோடிக் கலங்களில் அந்தக் குஞ்சம் மிகவும் தேய்ந்திருந்தது. வயது குறைந்த பெண்களிலும் அப்படித்தான். ஆக, எங்கள் எல்லோருக்குள்ளும் இந்தக் கலம் இயல்பாகவே கரையில் நடக்கிறது. பீ.ஆர்.சீ.ஏ.1 சரியாக இருந்தால் விழுந்தாலும் தூக்கிவிடும். பழுதாக இருந்தால் தூக்கிவிட ஆள் இல்லை.

இன்னொரு காரணம் ஓமோன். புரோஜெஸ்தரோன் ஏறும்போது, ஓமோன் சேதி வாங்கும் கலம் 'ராங்க் லிகண்ட்' என்ற புரதத்தை வெளியே விடும். அது பக்கத்தில் உள்ள முன்னோடிக் கலத்தைப் பெருகச் சொல்லும். 2016இல் மெல்பேர்ண் குழு, பீ.ஆர்.சீ.ஏ.1 பழுதானவர்களில் இந்தச் சேதியை வாங்கும் முன்னோடிக் கலங்களே கூடிய வேகத்தில் பெருகுகின்றன என்றும், அவற்றில் டி.என்.ஏ திருத்தம் மோசமாக இருக்கிறது என்றும் கண்டது. அந்தச் சேதியைத் தடுக்கும் மருந்து ஏற்கெனவே கையில் இருக்கிறது. எலும்புத் தேய்வுக்கு ஊசியாகப் போடும் டெனோசுமாப்தான் அது. இப்போது பீ.ஆர்.சீ.ஏ-பி என்ற பெயரில் பல நாடுகளில் பழுதான பீ.ஆர்.சீ.ஏ.1 உள்ள பெண்களுக்கு அதைக் கொடுத்துப் பரிசோதிக்கிறார்கள். அந்தப் பரிசோதனை நல்ல முடிவைத் தந்தால்தான் இதனைத் தடுப்பு மருந்து என்று சொல்லலாம். அதுவரை எவரும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போடவேண்டாம்.

இப்போது லேன்-கிளேப்பன் அம்மையாரின் கேள்விக்குத் திரும்புவோம். பிள்ளை பெறுவதும் பால் கொடுப்பதும் ஏன் காக்கின்றன? 2002இல் 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒவ்வொரு பிள்ளைப்பேற்றுக்கும் ஆபத்து 7 வீதமும், பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மேலும் 4.3 வீதமும் குறைவதாகக் கணக்கு வந்தது. 2013இல் பொஸ்ரனில் கோர்நேலியா பொலியாக்கின் குழு, பிள்ளை பெற்ற பெண்களின் மார்பகத்தில் முன்னோடி இயல்புள்ள ஒரு வகைக் கலங்கள் குறைந்திருப்பதைக் கண்டது. கரையில் நடப்பவர் தொகை குறைந்தால் விழுபவர் தொகையும் குறையும். பாதி விடை என்று சொன்னோமே, அது இதுதான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இது ஆயிரக்கணக்கான பெண்களைச் சேர்த்து எடுத்த சராசரி. யாரையும் குற்றம் சொல்லும் கணக்கு ஆகாது. யுத்தம், இடப்பெயர்வு, வெளிநாடு போனவரைக் காத்திருந்த வருடங்கள், இவற்றால் எங்கள் தலைமுறையில் எத்தனை பேர் பிந்தித் திருமணம் செய்தோம், எத்தனை பேர் செய்யாமலே இருந்தோம் என்பது இந்த மண்டபத்துக்குத் தெரியும். பிள்ளை பெறாதபடியால்தான் வருத்தம் வந்தது என்று ஒரு நோயாளியிடம் எவராவது சொன்னால், அது விஞ்ஞானமும் அல்ல, நாகரிகமும் அல்ல. நான்கு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்த தாய்மாருக்கும் இந்த நோய் வருவதைக் கிளினிக்கில் நாங்கள் பார்க்கிறோம்.

அடுத்து, நாங்கள் சொல்லவந்த முக்கியமான விடயம். மார்பகப் புற்றுநோய்களில் பரம்பரையாக வருவது நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரைதான். ஆனால் அந்தச் சில குடும்பங்களில் ஆபத்து சிறியதல்ல. 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றின்படி, பழுதான பீ.ஆர்.சீ.ஏ.1 உள்ள 100 பெண்களில் 72 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும். 44 பேருக்குச் சூலகப் புற்றுநோய் வரும். தாயிடம் இருந்தும் வரலாம், தகப்பனிடம் இருந்தும் வரலாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. தகப்பனின் சகோதரிமாரைப் பற்றி நாங்கள் கேட்டால், "அது அப்பான்ரை பக்கம்தானே டொக்டர்" என்று பலர் சிரிப்பார்கள். பரம்பரையலகுக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் தெரியாது.

கிளினிக்கில் நாங்கள் அடிக்கடி கேட்கும் உரையாடல் இது.

"அம்மா என்ன வருத்தத்தாலை மோசம் போனவ?"

"வயித்துக்கை ஏதோ கட்டி எண்டவை, டொக்டர்."

"எத்தினை வயதிலை?"

"நாப்பத்தெட்டு. வீட்டிலை அதைப்பற்றிக் கதைக்கிறேல்லை."

கதைக்காத அந்த 'ஏதோ கட்டி' சூலகப் புற்றுநோயாக இருந்திருந்தால், எதிரே இருக்கும் மகளின் சிகிச்சையே மாறியிருக்கும்.

பல குடும்பங்களில் கண்டதை ஒரு குடும்பமாகச் சேர்த்துச் சொல்கிறோம். அக்கா ரொறன்ரோவில். 41 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. அங்கே இரத்தம் எடுத்துப் பரிசோதித்து, பீ.ஆர்.சீ.ஏ.1 பழுது என்று சொன்னார்கள். "உங்கள் சகோதரிகளுக்கு இதைக் கொடுங்கள்" என்று ஒரு கடிதமும் தந்தார்கள். அக்கா சிகிச்சை பெற்றுச் சுகமானார். கடிதம் அலுமாரிக்குள் போனது. நல்லூரில் இருக்கும் தங்கையின் மகளுக்கு அப்போது கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். இப்போது சொன்னால் சம்பந்தம் குழம்பிவிடும், பிள்ளையின் பெயர் கெட்டுவிடும், கலியாணம் முடியட்டும் என்று அக்கா நினைத்தார். அவர் நினைத்தது தங்கையின் நன்மைக்காகத்தான். கலியாணம் முடிந்தது. பிறகு பேரப்பிள்ளை பிறக்கும்வரை பொறுத்தார். அதற்குள் தங்கை, வலியில்லாத கட்டிதானே என்று எட்டு மாதம் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தார். கமக்கட்டில் நெறி கட்டியிருந்தது.

அக்காவின் கலங்களில் கண்ட பழுதுச் செய்தி தங்கையின் உயிர்ச் சொத்து. தங்கையிடம் அந்தக் கடிதம் இருந்திருந்தால் வருடாவருடம் எம்.ஆர்.ஐ. எடுத்திருக்கலாம். பிள்ளைகள் வளர்ந்தபின் சூலகத்தை அகற்றுவதைப் பற்றிப் பேசியிருக்கலாம். மகளும் தன் முடிவைத் தானே எடுத்திருக்கலாம். சம்பந்தம் குழம்பும் என்ற பயம் வெறும் கற்பனையல்ல. அந்தப் பயம் எங்கள் சமூகத்தில் உண்மையானது. ஆனால் மறைத்து முடித்த கலியாணத்தில் இருக்கும் பெண்ணுக்கும் அதே பரம்பரையலகுதான் இருக்கிறது. ஆகவே மாப்பிள்ளை வீட்டாராக இருக்கும்போது, "உங்கள் குடும்பத்தில் புற்றுநோய் இருக்கிறதா" என்று கேட்டுச் சம்பந்தத்தைத் தட்டிவிடாமல் இருப்பதும் எங்கள் கையில்தான் இருக்கிறது. இந்த மண்டபத்தில் மாமியார்மாரும் நிறைய இருக்கிறார்கள்.

கடிதத்தின் பெறுமதி இன்னொன்று. முதன்முதலாக ஒருவரைப் பரிசோதிக்கும்போது முழுப் பரம்பரையலகையும் எழுத்தெழுத்தாக வாசிக்கவேண்டும். செலவு அதிகம். ஒரு குடும்பத்தில் பழுது எந்த இடத்தில் என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களில் அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்தால் போதும். கொழும்பில் பரிசோதிக்கப் போகும் தங்கைக்கு ரொறன்ரோ அறிக்கையின் பிரதி பணமாகவும் நேரமாகவும் உதவும். "எனக்குப் பீ.ஆர்.சீ.ஏ. இருந்தது" என்று தொலைபேசியில் சொன்னால் போதாது. அறிக்கையின் பிரதி வேண்டும்.

இன்னொரு குறையும் இருக்கிறது. 2023இல் அமெரிக்காவில் 126 பெண்களின் மார்பகத்தில் இருந்து எடுத்த 7,14,331 கலங்களின் பதிவேட்டை ஒவ்வொன்றாக வாசித்து ஒரு பெரிய வரைபடம் வெளியிட்டார்கள். மார்பகத்தில் 12 பெரும் கல வகைகள், அவற்றுக்குள் 58 நிலைகள் என்று அது சொல்கிறது. எல்லாமே அமெரிக்க வைத்தியசாலைகளில் சம்மதம் கொடுத்த பெண்களின் இழையம். கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008இல் இலங்கைப் பெண்களின் பீ.ஆர்.சீ.ஏ.1ஐ வாசித்தபோது, வேறு எங்கும் பதிவாகாத மாற்றங்களையும் கண்டார்கள். உலகத் தரவுகளில் பெரும்பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அதனால் எங்கள் பெண்களுக்குப் பரிசோதனை செய்தால், "மாற்றம் இருக்கிறது, அது கெட்டதா என்று தெரியாது" என்ற பதில் கூடுதலாக வருகிறது. அந்தப் பதிலை வைத்துச் சத்திரசிகிச்சை செய்யவும் முடியாது, நிம்மதியாக இருக்கவும் முடியாது. இதைத் தீர்க்க ஒரே வழி, எங்களைப் போன்ற பெண்களும் பதிவேட்டில் ஏறுவது. வெளிநாட்டில் மார்பகச் சத்திரசிகிச்சைக்குப் போகும்போது, அகற்றும் இழையத்தை ஆய்வுக்குப் பயன்படுத்தச் சம்மதமா என்று ஒரு படிவம் தருவார்கள். அமெரிக்காவின் இண்டியானாபொலிசில் நோயில்லாத பெண்களே தாமாக முன்வந்து சிறிது இழையம் கொடுக்கும் ஒரு வங்கி இருக்கிறது. பயந்து "இல்லை" என்று எழுதமுன், அந்தப் படிவத்தை ஒருதரம் முழுவதும் வாசித்துப் பாருங்கள். பிறகு உங்கள் விருப்பம்.

பரம்பரை இல்லாத மற்றத் தொண்ணூறு பேருக்கும் சொல்ல இருக்கிறது. வலியில்லாத கட்டி நல்ல கட்டி என்று நினைக்கவேண்டாம். பெரும்பாலான புற்றுநோய்க் கட்டிகள் தொடக்கத்தில் வலிப்பதில்லை. முலைக்காம்பு புதிதாக உள்ளே இழுபட்டால், இரத்தம் கசிந்தால், தோல் தோடம்பழத் தோல் போல ஆனால், கமக்கட்டில் கட்டி தட்டுப்பட்டால், அந்த மாதமே காட்டவேண்டும். 1996 முதல் நாடு முழுவதும் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்கில் 35 வயதான பெண்கள் இலவசமாக மார்பகத்தைக் காட்டலாம். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டால் நாளும் இடமும் சொல்வார். சிகிச்சைக்கு முன்போல எல்லோரும் மகரகமைக்கு ஓடவேண்டியதில்லை. 2011இல் தெய்வேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறை வரை நடந்து திரட்டிய நிதியால் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை தெல்லிப்பழையில் இருக்கிறது. தெற்கில் இருந்தும் வடக்கில் இருந்தும் ஊர்பேர் தெரியாத ஆயிரம் பேர் எங்களுக்காக நடந்தார்கள். நாங்கள் கிளினிக் வரையாவது நடப்போம்.

முடிவாக ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகக் கட்டடத்துக்கு நிதி கேட்பார்கள், கொடுங்கள். இந்த உரை கேட்பது ஒரு தாள் மட்டும். இந்த வாரம் ஒரு நாள் மாலையில் இருந்து, உங்கள் குடும்ப வருத்தங்களை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். தாய் பக்கம் ஒரு நிரல், தகப்பன் பக்கம் ஒரு நிரல். தாய், தகப்பன், சகோதரர், பெரியம்மா, சின்னம்மா, மாமி, மாமா, அம்மம்மா, அப்பம்மா என்று ஒவ்வொருவருக்கும் நேரே மூன்று விடயம்: என்ன புற்றுநோய், எத்தனை வயதில், பரிசோதனை செய்ததா. ஆண்களையும் விடவேண்டாம், அவர்களுக்கும் அருமையாக மார்பகப் புற்றுநோய் வரும். தெரியாத இடத்தில், வீட்டில் மூத்தவர் ஒருவர் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். அவருக்குப் பிறகு சொல்ல ஆள் இருக்காது. 50 வயதுக்கு முன் மார்பகப் புற்றுநோய், எந்த வயதிலும் சூலகப் புற்றுநோய், இரண்டு மார்பிலும் நோய், ஆணுக்கு மார்பகப் புற்றுநோய், இவற்றில் ஒன்று இருந்தாலும் வைத்தியரிடம் அந்தத் தாளோடு போங்கள். பரிசோதனை அறிக்கை இருந்தால் அதன் பிரதியையும் தாளோடு சேர்த்து, உடன்பிறந்த எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். கலியாணம் முடியட்டும் என்று வைக்கவேண்டாம்.

நூறு ஆண்டுகளாக இந்தச் சங்கம் எங்கள் முகவரிகளைத் தேடித்தேடிச் சேர்த்து வைத்திருக்கிறது. யார் எங்கே இருக்கிறோம் என்று ஒருவருக்கொருவர் தெரியும். அந்த முகவரிகளுக்கு இனி இந்தத் தாளும் போகட்டும்.